குழு எங்கே இடறுகிறது? பாடகர்களுக்கான இசைக்குறிகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற டவுனில் பாடகர் குழு சேர்த்தால், எல்லாரும் ஒரே இடத்தில் இசை படித்தவர்களாக இருக்க மாட்டார்கள். பழைய தோட்டத்துச் சபையில் சோல்ஃபா என்கிற டோ-ரே-மி எழுத்தைப் பார்த்தே பாடிப் பழகிய ஐயா ஒருவர் இருப்பார். சங்கீத வகுப்பில் சரளி வரிசை முடித்த அக்கா ஒருவர் இருப்பார். ஈப்போவுக்குப் போய் பியானோ கிரேடு எழுதிய பையன் ஒருவன். மீதிப் பேர் காதால் கேட்டுப் பாடுகிறவர்கள். எல்லார் கையிலும் ஐந்து கோட்டில் எழுதிய ஒரே ஸ்டாஃப் நொட்டேஷன் சீட்டுதான், ஆனால் அதில் இருக்கும் ஒரு புள்ளியை நாலு பேர் நாலு விதமாகப் படிக்கிறார்கள். ஒத்திகையில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் குரல் கோளாறே இல்லை, படிப்புக் கோளாறு என்பது என் கட்சி. "குரல் சரியில்லை" என்று சொல்வதற்கு முன், அவர் அந்தக் குறியை எந்தப் பழக்கத்தில் பார்த்தார் என்று கேட்டுவிடுங்கள்.

கீழே தலைப்புகளை நீங்கள் கேட்கிற கோளாறின் பெயரிலேயே வைத்திருக்கிறேன். உங்கள் குழுவில் என்ன கேட்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம்.

எதைத் தொடுவதற்கும் முன்: சீட்டைப் பாருங்கள்

ஃபோட்டோஸ்டாட் எடுத்ததையே மறுபடி ஃபோட்டோஸ்டாட் எடுத்து, அதையும் பத்து பேருக்குப் பெருக்கிய சீட்டுதான் பெரும்பாலும் கையில் இருக்கும். அதில் இயந்திரத்தின் கண்ணாடியில் இருந்த அழுக்கும் புள்ளியாக விழுந்திருக்கும். உண்மையான ஸ்டக்காட்டோ புள்ளி (நோட்டைக் குறுக்கிப் பாடச் சொல்வது) நோட்டின் தலைக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ, நடுவில் உட்காரும். பக்கத்துப் புள்ளிகளின் அளவிலேயே இருக்கும். ஓரமாக ஒதுங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். அதே பீட்டில் நாலு குரல் வரிகளில் சொப்ரானோ, டெனர், பேஸ் மூன்றும் ஒரே தாளத்தில் போகும்போது ஆல்டோவுக்கு மட்டும் புள்ளி இருந்தால், அது பெரும்பாலும் அழுக்கு.

இன்னொன்று, மேல் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா பாருங்கள். வேகத்தைச் சொல்லும் சொல் முதல் பக்கத்தின் இடது மேல் மூலையில்தான் இருக்கும், ஃபோட்டோஸ்டாட் முதலில் விழுங்குவதும் அந்த மூலையைத்தான். மூலப் பிரதி யாரிடமாவது இருந்தால் அதிலிருந்து புதிதாக எடுப்பது ஒரு மாலை ஒத்திகையையே மிச்சப்படுத்தும்.

பாட்டு துள்ளுகிறது, அல்லது ஒருவர் மட்டும் மேலே தாவுகிறார்

இது புள்ளியின் வேலை. ஸ்டாஃப் சீட்டில் புள்ளி இரண்டு இடத்தில் வரும். நோட்டின் தலைக்கு மேலேயோ கீழேயோ வந்தால் ஸ்டக்காட்டோ: நோட்டைக் குறுக்கி, ஏறத்தாழ பாதி நேரம் மட்டும் ஒலித்து, மீதியை மௌனமாக விட வேண்டும். நோட்டின் வலப்பக்கத்தில் வந்தால் அதற்கு நேர் எதிர், நோட்டு ஒன்றரை மடங்கு நீளும். இரண்டு பீட் நோட்டு மூன்று பீட் ஆகும். ஒன்று குறுக்குகிறது, மற்றது நீட்டுகிறது. காதால் பழகியவர் இரண்டையும் 'புள்ளி' என்று ஒரே பையில் போட்டுவிடுவார்.

சங்கீத வகுப்பு அக்காவின் சிக்கல் வேறு. கர்நாடக ஸ்வரக் குறிப்பில் ஸ்வரத்தின் மேல் புள்ளி என்றால் தார ஸ்தாயி (மேல் ஸ்தாயி), கீழ்ப்புள்ளி என்றால் மந்திர ஸ்தாயி (கீழ் ஸ்தாயி). அந்தக் கண் பழகிவிட்டால், ஸ்டக்காட்டோ வந்த இடத்தில் குரல் தானாக எட்டு ஸ்வரம் மேலே பாயத் துடிக்கும். சோல்ஃபா ஐயாவுக்குப் புள்ளி என்றால் பீட்டைப் பாதியாக வெட்டும் இடம். அக்காவும் ஐயாவும் தப்பாகப் படிக்கவில்லை, ஆளுக்கொரு பள்ளியின் பாடத்தைச் சரியாகத்தான் படிக்கிறார்கள். ஸ்டாஃப் முறையில் உயரத்தைச் சொல்வது ஐந்து கோட்டில் நோட்டின் தலை இருக்கும் இடம், புள்ளி ஒருபோதும் உயரத்தைச் சொல்லாது. இந்த ஒரு வாக்கியத்தை அக்காவிடம் சொன்னாலே பாதிச் சிக்கல் தீரும்.

தமிழில் பாடும்போது ஸ்டக்காட்டோவுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. குறுக்கச் சொன்னதும் நெடிலைக் குறிலாக்கிவிடுகிறார்கள். 'பாடு' 'படு' ஆகிவிடும், 'நாடு' 'நடு' ஆகிவிடும். கேட்கிறவர்களுக்குப் பொருளே மாறிப்போகும். சரிசெய்ய, முதலில் அந்த வரியை மிக மெதுவாக எடுங்கள். நோட்டின் முற்பாதியில் 'பா' முழு வாய் திறந்து நெடிலாகவே ஒலிக்கட்டும், பிற்பாதி மௌனம். வாயைச் சுருக்காமல் மூச்சை நிறுத்துவதுதான் பயிற்சி. அது பழகியபின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வேகமான வரியில் நெடில் தப்பிக்க வழியே இல்லை என்றால், ஸ்டக்காட்டோவைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சொல் கெடுவதைவிடப் புள்ளி கெடுவது மேல்.

கோடு போட்ட நோட்டில் ஓடுகிறார்கள்

நோட்டின் தலைக்கு மேலோ கீழோ சின்னதாகப் படுக்கைக் கோடு இருந்தால் டெனூட்டோ. அதன் முழு நேரத்தையும் குறைக்காமல் கொடு, கொஞ்சம் கனத்தோடு வை என்று அர்த்தம். ஆனால் கர்நாடகக் குறிப்பில் ஸ்வரங்களின் மேல் கோடு இழுத்தால் இரட்டிப்பு வேகம். எனவே சங்கீதம் படித்தவர் அங்கே ஓடினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சொல்லிவிட்டால் அடுத்த தடவை ஓட மாட்டார்.

மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் இழுக்கிறார்கள்

கமா மாதிரி ஒரு குறி ஐந்து கோட்டுக்கு மேலே தனியாக நிற்கும். ஸ்டாஃப் சீட்டில் அது மூச்சுக் குறி. கர்நாடகத்தில் கமா என்றால் முந்தைய ஸ்வரத்தை இன்னொரு அட்சரம் (தாளத்தின் ஓர் அலகு) நீட்டு, செமிகோலன் என்றால் இரண்டு அட்சரம். சோல்ஃபாவில் கமா பீட்டைக் கால் காலாகப் பிரிக்கும். பாதிக் குழு மூச்சு வாங்க, ஒருவர் மட்டும் கம்பீரமாக இழுத்துக்கொண்டிருந்தால் காரணம் இதுதான்.

மூச்சுக்கான நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் தகராறு வரும். கமாவுக்கு முந்தைய நோட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதன் வாலை வெட்டி மூச்சை வாங்கி, அடுத்த பீட்டுக்குச் சரியாக வந்து சேர வேண்டும். அடுத்த நோட்டிலிருந்து திருடினால் ஒவ்வொரு வரிக்கும் பாட்டு கொஞ்சம் பின்தங்கி, கீபோர்டுக்காரர் தனியாக முன்னே போய்விடுவார். இரண்டு சாய்ந்த கோடு இருந்தால் மட்டும் கதை வேறு. அங்கே தாளமே நிற்கும், நடத்துனர் கை தூக்கும்வரை யாரும் தொடங்கக்கூடாது.

கமா எதுவும் இல்லாமல் வரி நீளமாகப் போனால் பக்கத்தில் நிற்கிற இருவர் ஒரே இடத்தில் மூச்சு வாங்காமல் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் நடுவில் வாங்கலாம், சொல் முடியும் இடத்தில்தான் எல்லாரும் வாங்கித் தொலைப்பார்கள். திரும்ப நுழையும்போது மட்டும் மெல்ல நுழைய வேண்டும்.

ஒரே எழுத்தை இரண்டு தடவை அடிக்கிறார்கள். அல்லது 'வா-ஹா-ஹா' என்று கேட்கிறது

வளைகோடு பார்த்த இடம். முதலில் அந்த வளைகோடு எந்த இரண்டு நோட்டைச் சேர்க்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் அது டை. இரண்டின் நேரத்தையும் கூட்டி ஒரே நோட்டாகப் பிடிக்க வேண்டும், இரண்டாவதை மறுபடி தொடக்கூடாது. உயரம் மாறினால் அது ஸ்லர். கீபோர்டில் ஸ்லர் என்றால் ஒட்டி வாசி என்று மட்டும்தான் பொருள். பாடகருக்கு இன்னொரு பொருளும் சேர்கிறது: அந்த வளைவு முடியும்வரை ஒரே அசை. அடுத்த அசை வளைவுக்கு வெளியே இருக்கும் நோட்டில்தான் வரும். பியானோ கிரேடு எழுதிய பையன் இந்த இரண்டாவது பொருளைத்தான் பெரும்பாலும் கவனிக்க மாட்டான், அசைகளை முன்னாலேயே செலவழித்துவிட்டு வரி முடியும்போது சொல் இல்லாமல் நிற்பான்.

'வா-ஹா-ஹா' என்பது ஒவ்வொரு நோட்டிலும் மூச்சைத் தட்டுவதால் வருகிறது. வளைவுக்குள் இருக்கும் நோட்டுகளை ஒரே 'ஆ'வில், முகத்துக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துப் பாடிப் பார்க்கச் சொல்லுங்கள். 'ஹ' வரும்போதெல்லாம் உள்ளங்கையில் காற்று தட்டும். தட்டாமல் பாடப் பழகினால் தீர்ந்தது.

கீர்த்தனை பாடிப் பழகியவர்களிடம் எதிர்க்கோளாறு வரும். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் வழி வந்த கீர்த்தனைகளைக் கேட்டுக் கேட்டே பாடியவர்களுக்கு நோட்டுக்கு நோட்டு ஜாரு, அதாவது வழுக்கல், தானாக விழும். தனியாகப் பாடும்போது அது அழகு. நாலு குரலில் எல்லாரும் ஆளுக்கொரு வேகத்தில் வழுக்கினால் ஹார்மனி கலங்கிவிடும். வழுக்க வேண்டிய இடத்தில் நோட்டுக்கு நோட்டு ஒரு கோடு இழுத்திருக்கும். அந்தக் கோடு இல்லாத இடத்தில் ஒட்டுங்கள், வழுக்காதீர்கள். ஜாருவே வேண்டாம் என்று சொல்லி அவரை மிரட்டிவிடக்கூடாது. சோலோ வரிக்கு அவரைத்தான் தேடிப் போவீர்கள்.

தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஒரே மெட்டில் அச்சிட்ட பாட்டுகளில் விட்டுவிட்டு வரும் புள்ளிக்கோடாக வளைவு இருக்கும். ஒரு மொழியில் அந்த இடத்தில் ஓர் அசை, இன்னொரு மொழியில் இரண்டு என்பதற்கான அடையாளம் அது. நீங்கள் பாடும் மொழியில் அசையை எண்ணிப் பார்த்து, வேண்டுமென்றால் மட்டும் சேருங்கள்.

வளைவுக்குள் 'க்க', 'த்த', 'ப்ப' வந்தால் ஒலி அறுபடும். 'இரக்கம்' என்பதில் 'ர'வுக்கு நீண்ட நோட்டு வந்தால், எங்கள் பக்கத்தில் பலர் 'ரக்' என்று உடனே அடைத்துவிட்டு மௌனமாக நிற்பார்கள். 'ர'வின் அகரத்தை நோட்டின் கடைசித் துளிவரை இழுத்து, அடுத்த பீட்டுக்கு ஒட்டினாற்போல 'க்'கைச் சட்டென்று அடைக்க வேண்டும்.

மெதுவாகச் சொன்னால் சத்தம் குறைகிறது. சத்தம் குறைக்கச் சொன்னால் மெதுவாகிறது

எல்லாக் குழுவுக்கும் வரும் நோய் இது. தமிழில் நாம் 'மெதுவாப் பாடுங்க' என்பதை இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறோம், சீட்டு அப்படிச் சொல்வதில்லை. வேகம், சத்தம், நோட்டின் நீளம், ஒட்டு என்று நான்கும் ரேடியோவின் நாலு திருகு மாதிரி, ஒன்றைத் திருகும்போது மற்றவை நகரக்கூடாது.

பி (மெல்ல), எம்.பி., எம்.எஃப்., எஃப் (உரக்க) ஆகிய எழுத்துகள் சத்தத்தை மட்டும் சொல்பவை. கிரெஷெண்டோ (சத்தம் கூடிக்கொண்டே போவது), டிமினுவெண்டோ (குறைந்துகொண்டே போவது), நீளமாகத் திறந்தோ மூடியோ வரும் இரட்டைக் கோடான ஹேர்பின், இவையும் அப்படியே. 'ரிட்.' 'ரால்.' (வேகம் தளர்வது), 'ஆச்செல்.' (வேகம் கூடுவது) மூன்றும் வேகத்தை மட்டும் தொடும். இரண்டையும் சேர்த்துத் தொடுபவை சில உண்டு. மொரெண்டோ, காலாண்டோ என்றால் சத்தமும் தேயும், வேகமும் தளரும். அல்லார்காண்டோ என்றால் வேகம் தளர்ந்து விரியும், பெரும்பாலும் சத்தம் கூடும். 'ஆ டெம்போ' வந்தால் பழைய வேகத்துக்கு உடனே திரும்ப வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் பாதிப் பாட்டு தூங்கிப்போகிறது.

மருந்து: மெட்டை விட்டுவிட்டு வார்த்தையை மட்டும், முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டு, கிசுகிசுவாகச் சொல்லச் சொல்லுங்கள். தட்டு ஒரே சீராக இருக்கிறதா என்று ஒருவர் மட்டும் கவனிக்கட்டும். பிறகு அதே சத்தத்தில் மெட்டைச் சேருங்கள். சத்தம் குறையும்போது சுருதியும் இறங்கினால், அவர்கள் மூச்சையும் சேர்த்துக் குறைத்துவிட்டார்கள். மெல்லப் பாடத்தான் மூச்சுக்கு அதிகப் பிடி வேண்டும்.

'கிரெஷ்.' என்று எழுதிய இடத்திலேயே எல்லாரும் முழுக்குரலில் வெடிப்பது இன்னொரு வழக்கம். அந்தச் சொல் நிற்கும் இடம் தொடக்கம், அங்கே இன்னும் மெல்லத்தான் இருக்க வேண்டும். 'போக்கோ ஆ போக்கோ' என்று சேர்ந்திருந்தால் இன்னும் பொறுமையாக, துளித்துளியாக. 'சூபிட்டோ' இருந்தால் மட்டும் திடுதிப்பென்று. தகரக் கூரைக்குக் கீழே ஒத்திகை பார்க்கிற நாளில் மழை கொட்டினால் சத்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள். எல்லாரும் எஃப்புக்குப் போய்விடுவார்கள், அதையே மனப்பாடமும் செய்துவிடுவார்கள். அன்றைக்கு வார்த்தை, பக்கம் புரட்டுதல், யார் எங்கே மூச்சு என்று பேசி முடியுங்கள்.

நடுவில் யாரோ கத்துகிறார்கள்

ஒரே நோட்டின் மேல் சின்னதாக, வாய் இடப்பக்கம் திறந்த கோணம் இருந்தால் ஆக்செண்ட். அதே வடிவம் பல நோட்டுகளுக்கு நீண்டால் டிமினுவெண்டோ ஹேர்பின். மங்கிய சீட்டில் இரண்டையும் பிரிப்பது கஷ்டம், ஒன்றில் அழுத்தம், மற்றதில் தேய்வு. கூரை மாதிரி மேலே கூர்மையாக நின்றால் மார்காட்டோ, இன்னும் பலமான அழுத்தம்.

அழுத்தம் என்றதும் தொண்டையை இறுக்கி அடிக்கிறார்கள். மெய்யெழுத்தைத் தெளிவாக, ஒரு நொடித்துளி முன்னதாகத் தொட்டு, உயிரொலியை அதற்குப் பின்னால் தள்ளினால் போதும். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லில் அழுத்தம் வந்தால் வயிற்றிலிருந்து தள்ளுங்கள், தொண்டையை விட்டுவிடுங்கள். அழுத்திய பின் நோட்டு முழுக்கக் கனமாகவே இருக்கக்கூடாது, தொடக்கம் மட்டும்தான். 'எஸ்.எஃப்.இஸட்.' என்ற திடீர் அழுத்தமும் அந்த ஒரு நோட்டுக்குத்தான். அடுத்த நோட்டு பழைய சத்தத்துக்கு வந்துவிட வேண்டும்.

கடைசி நோட்டு ஆளுக்கொரு நேரத்தில் முடிகிறது

வளைவுக்குக் கீழே ஒரு புள்ளி, கண் மாதிரி இருக்கும், ஃபெர்மாட்டா. எவ்வளவு நேரம் பிடிப்பது என்று சீட்டு சொல்லாது. நடத்துனர் கை சொல்லும். சீட்டையே பார்த்துக்கொண்டிருப்பவர்தான் தனியாக முடிப்பார்.

தமிழ்ப் பாட்டில் பிரச்சினை பெரும்பாலும் 'ம்'மில் வரும். 'என்றும்', 'யாவும்' போன்ற சொல்லில் ஃபெர்மாட்டா வந்தால், பாதிப் பேர் உடனே உதட்டை மூடி முனகத் தொடங்குவார்கள், மீதிப் பேர் 'உ'வைப் பிடித்திருப்பார்கள். உயிரொலியை முழுக்கப் பிடியுங்கள், நடத்துனர் கையை மூடும்போது மட்டும் எல்லாரும் சேர்ந்து 'ம்' வையுங்கள். 'ன்', 'ல்', 'ர்' எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

பாதிக் குழு காணாமல் போய்விட்டது

திரும்பும் குறிகள். 'டி.சி.' என்றால் முதலிலிருந்து. 'டி.எஸ்.' என்றால் அந்தக் குறி இருக்கும் இடத்திலிருந்து, குறுக்குக் கோடும் இரண்டு புள்ளியும் சேர்ந்த எஸ் மாதிரி வடிவம் அது. அதோடு 'ஆல் ஃபினே' சேர்ந்திருந்தால் 'ஃபினே' என்று எழுதிய இடத்தில் நிற்க வேண்டும், அது பெரும்பாலும் நடுப்பக்கத்தில் இருக்கும். 'ஆல் கோடா' என்றால், திரும்பி வரும்போது வட்டத்துக்குள் சிலுவை போட்ட குறியைக் கண்டதும் கடைசியில் இருக்கும் கோடாவுக்குத் தாவ வேண்டும். முதல் தடவை அந்தக் குறியைக் கண்டுகொள்ளக் கூடாது.

டி.சி. போய்த் திரும்பிய பிறகு நடுவில் இருக்கும் இரட்டைப் புள்ளித் திரும்பல்களை வழக்கமாக மறுபடி எடுப்பதில்லை. ஆனால் எல்லாருக்கும் அந்த வழக்கம் தெரியாது, ஒத்திகை தொடங்கும்போதே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். சீட்டில் இந்தக் குறிகளுக்குத் தனித்தனி நிற ஹைலைட்டர் போடுவது சின்னப்பிள்ளை வேலை மாதிரி தெரியும், ஆனால் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டில் லயத்து வீட்டு வாசல் வெளிச்சத்தில் அதுதான் கைகொடுக்கும்.

வேகத்தில் சண்டை

நோட்டுக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டு 72 என்று இருந்தால், நிமிடத்துக்கு அப்படி 72 நோட்டு. 60 என்றால் கடிகார நொடிக்கு ஒன்று, அதை வைத்தே மற்றதைக் கணிக்கலாம். கைப்பேசியில் வேகத்துக்குத் தட்டும் மெட்ரோனோம் செயலி இலவசமாகவே கிடைக்கும். ஆனால் எண்ணை வேதவாக்காக எடுக்காதீர்கள். மெல்ட்ஸல் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கியது 1815-இல். இசையமைப்பாளர் ஹாண்டல் 1759-லேயே இறந்துவிட்டார். அவர் பாட்டில் எண் இருந்தால் அது பிற்காலப் பதிப்பாளர் போட்டது, கட்டாயம் இல்லை.

டெனர் எல்லாம் ஒரு ஸ்தாயி மேலே போகிறது

டெனர் வரியின் தொடக்கத்தில் இருக்கும் சுருள் குறியான டிரெபிள் கிளெஃபின் காலடியில் சின்னதாக 8 இருக்கும், ஒலிப்பது எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே. ஃபோட்டோஸ்டாட்டில் அந்த 8 போய்விட்டாலும் டெனருக்கு அப்படித்தான். கீபோர்டில் டெனருக்கு ஸ்வரம் எடுத்துக் கொடுக்கிற தம்பி எழுதிய உயரத்திலேயே வாசித்தால் அண்ணன்மார் தொண்டை கிழியும்.

'டிவ்.' என்று வந்தால் அந்தக் குரல் இரண்டாகப் பிரிய வேண்டும். யார் மேலே, யார் கீழே என்று முன்கூட்டியே பிரித்து வையுங்கள், இல்லையென்றால் எல்லாரும் மேலே போவார்கள். 'யூனிஸ்.' வந்தால் மறுபடி ஒன்று சேருவது.

இந்தக் குறி எதற்குமே பொருந்தவில்லை

அப்படியானால் அது உங்களுக்கானதாகவே இருக்காது. 'பெட்.' என்பது பியானோவின் மிதி. நோட்டுக் கொத்துக்கு முன்னால் செங்குத்தாக நெளியும் கோடு, விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்த்து வாசிக்கச் சொல்வது. நோட்டின் மேல் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள சின்ன எண்கள் விரல் எண்கள். குரல் வரியும் கீபோர்டு வரியும் ஒன்றாக அச்சிட்ட சீட்டில் இவை பாடகர் வரிக்கு அருகில் வந்து குழப்பும். பாடகர் சீட்டில் இவற்றைப் பென்சிலால் அடித்துவிட்டு, கீபோர்டுக்காரர் சீட்டில் மட்டும் விட்டுவையுங்கள்.